தலையை ஆட்டாதீங்க

"ஆட்டிட்டாருண்ணே! ஆட்டிட்டாரு!"

கத்திக்கொண்டே தங்கச்சி என் பட்டறைக்குள் ஓடி வந்தபோது நான் லேத்தில் ஒரு இரும்புத் தண்டைக் கடைந்துகொண்டிருந்தேன். அவள் வந்த வேகத்தைப் பார்த்து மெஷினை நிறுத்திவிட்டேன்.

"யாரும்மா? எதை ஆட்டினாரு?"

"வேற யாரு, உங்க தம்பிதான். தலையை! டாக்டரம்மா கையில ஊசியை எடுத்துக்கிட்டு 'ரெடியா'ன்னு கேட்டிருக்காங்க. இந்த மனுஷன் சடக்குன்னு ஒரு ஆட்டு ஆட்டியிருக்காரு. நல்லவேளை, ஊசி இன்னும் உள்ள போகல. அந்தம்மா அப்படியே வெச்சுட்டு, 'எழுந்து வீட்டுக்குப் போங்க'ன்னுட்டாங்க."

அவள் எனக்குக் கூடப் பிறந்த தங்கச்சி அல்ல. எதிர் ஷெட் வெல்டரின் மனைவி. எங்கள் இரண்டு ஷெட்டுக்கும் நடுவில் ஒரு லாரி நுழைகிற அகலத்துக்கு ஒரு சந்து. இரண்டுக்கும் ஒரே மின்சார லைன். நான் பெரிய லேத்தைப் போட்டால் அவனுக்கு நெருப்பு மங்கும். அவன் மெஷினைக் கூட்டினால் என் லேத்து முனகும். இப்படியே இருபத்தைந்து வருஷம் ஒருவர் உயிரை ஒருவர் வாங்கிக்கொண்டு, ஒன்றாக டீ குடித்துக்கொண்டு இருக்கிறோம்.

அவனுக்குச் சந்தில் வைத்திருக்கும் பெயர் தலையாட்டி. கிண்டலுக்கு வைத்த பெயர்தான், ஆனால் காரணம் இல்லாமல் வைக்கவில்லை. வெல்டர் வேலையில் வலது கையில் வெல்டிங் ராடு மாட்டிய ஹோல்டர், இடது கையில் இரும்பு. முகத்தை மறைக்கிற ஷீல்டு நெற்றிக்கு மேலே தூக்கி நிற்கும். அதை இறக்கக் கை ஏது? கழுத்தால் ஒரு வெட்டு வெட்டினால் சடக்கென்று விழுந்து முகத்தை மூடிக்கொள்ளும். உடனே நெருப்பு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று அவனும் எண்ணியதில்லை, நானும் எண்ணியதில்லை. அதே பழக்கத்தில் யார் எதைக் கேட்டாலும் ஒரு வெட்டுதான் பதில். டீ வேணுமா? வெட்டு. கேட் நாளைக்கு ரெடியாகுமா? வெட்டு. வாயைத் திறந்து பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பு போல.

அந்தக் கழுத்துதான் ஆறு மாதமாக அவனைப் பழிவாங்கிக்கொண்டிருந்தது. முதலில் சுளுக்கு என்றான். பிறகு வலி தோளுக்கு இறங்கியது. அங்கிருந்து முழங்கை, அங்கிருந்து கட்டைவிரல். ஒரு நாள் ஹோல்டர் கையிலிருந்து நழுவிக் கால் பக்கத்தில் விழுந்தது. அடுத்த வாரம் டம்ளர் நழுவியது. படுத்தால் வலி என்று நாற்காலியில் சாய்ந்தே தூங்கினான். ஒரு நூலகத்துக்காகச் சுற்றுப்படிக்கட்டு ஒன்று செய்துகொண்டிருந்தான். பதினெட்டுப் படியில் பதினோரு படியோடு அது ஷெட் நடுவில் அந்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் கழுத்தெலும்புக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் பிதுங்கி வெளியே வந்திருந்தது. அந்தப் பிதுக்கம் கைக்குப் போகிற நரம்பை அமுக்குகிறது, நரம்பு வீங்கிக் கிடக்கிறது என்று டாக்டரம்மா படத்தில் விரல் வைத்துக் காட்டினாராம். கழுத்தைத் திறந்து ஆபரேஷன் செய்யலாம். அதற்கு முன்னால் நரம்புக்குப் பக்கத்திலேயே ஸ்டீராய்டு ஊசி போட்டு வீக்கத்தை இறக்கிப் பார்க்கலாம். வீக்கம் இறங்கினால் வலி இறங்கும். பிதுங்கினது நாளடைவில் தானாகவே சுருங்கவும் கூடும்.

"ஸ்டீராய்டுன்னா பயில்வானுங்க போட்டுக்கறதுதானே டாக்டர்? மாமாவுக்கு உடம்பு ஏறிடுமா?" என்று கேட்டவன் தங்கச்சியின் தம்பி. சந்தில் அவனுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். வேன் ஓட்டுகிறான். எந்தப் பேச்சிலும் முதல் ஆளாகக் குதிப்பான்.

"அது வேற, இது வேற. நீங்க வெளியில உக்காருங்க" என்று டாக்டரம்மா அவனை அனுப்பிவிட்டாராம்.

இப்படியெல்லாம் நாள் குறித்து, காலையில் குளிப்பாட்டி, அழைத்துக்கொண்டு போனால், கவிழ்ந்து படுத்த நிலையில் தலையாட்டி தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறான்.

"மயக்கம் கொடுத்துப் போட வேண்டியதுதானே?" என்றேன்.

"நானும் அதான் கேட்டேன். 'தூங்க வெச்சுட்டுப் போட மாட்டேன். ஊசி நரம்புல பட்டா எனக்கு முதல்ல சொல்ல வேண்டியவரு அவருதான். அவரு முழிச்சிருக்கணும், வாயால சொல்லணும், தலை மட்டும் அசையக் கூடாது'ங்கறாங்க. பக்கத்துலயே தண்டுவடமாம்ணே." தங்கச்சி ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினாள். "அடுத்த வாரம் இதே நாள் வரச் சொல்லியிருக்காங்க. அப்பவும் ஆட்டினா போட மாட்டாங்களாம். கையில பலம் இன்னும் குறைஞ்சா நேரா ஆபரேஷன்தானாம்."

தலையாட்டி வாசலில் நின்றிருந்தான், கழுத்துப் பட்டையோடு. முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"என்னய்யா, ஒரு வாரம் தலையை ஆட்டாம இருக்க முடியாதா உன்னால?" என்றேன்.

ஆட்டினான். அந்தப் பட்டையையும் மீறி.

"அய்யோ!" என்று தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

*

அன்றிலிருந்து அந்த வீட்டில் நடந்ததைப் பார்க்க எனக்கு இரண்டு கண் போதவில்லை. வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அங்கேயே கிடந்தேன் என்றால் நம்புங்கள்.

பொறுப்பை எடுத்துக்கொண்டவள் அவர்கள் மகள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அப்பாவுக்கு நேர் எதிர், வாய் ஓயாது. முதல் நாளே சுவரில் சட்டங்களை எழுதி ஒட்டிவிட்டாள். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் 'ரெடியா' என்று கேட்கலாம். அப்பா வாயால்தான் பதில் சொல்ல வேண்டும். ஆட்டினால் அன்றைக்குச் செய்தித்தாள் கிடையாது.

"அப்பா, பல் விளக்கியாச்சா? ரெடியா?"

வெட்டு.

"போச்சு! பேப்பரை எடுத்து உள்ள வைம்மா!"

பெஞ்சில் கவிழ்ந்து படுக்கவைத்துப் பயிற்சி. நெஞ்சுக்குக் கீழே தலையணை, நெற்றிக்கு மடித்த துண்டு, ஆஸ்பத்திரியில் படுக்கவைத்த மாதிரியே. அசைந்தால் தெரிய வேண்டுமே? அதற்கு நான் ஒரு வேலை செய்தேன். அலுமினியத்தில் காகிதக் கனத்துக்கு ஒரு சின்னக் கிண்ணம் கடைந்தேன். எடையே தெரியாது. அதில் தண்ணீர் நிரப்பிப் பிடரியில் வைத்தோம். ஆட்டினால் தண்ணீர் காதுக்குள் போகும். இருபத்தைந்து வருஷத்தில் நான் கடைந்ததிலேயே உருப்படியான சாமான் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

"மாமா, ரெடியா?" என்று முந்திரிக்கொட்டை ஒரு சைக்கிள் பம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டாக்டர் மாதிரி நின்றான்.

தண்ணீர் காதுக்குள் போனது.

"எத்தனை தடவைப்பா?" என்று மகள் சிரித்தாள். "ஏன்தான் ஆட்டறீங்க?"

"நான் ஆட்டலம்மா. அதுவா ஆடுது" என்றான். உண்மைதான். அவன் கழுத்து அவன் பேச்சைக் கேட்காமல் ரொம்ப வருஷமாகிவிட்டது.

மூன்றாவது நாள்தான் முதல் தடவையாக வாய் ஜெயித்தது. சாப்பிட உட்கார்ந்திருந்தோம். தங்கச்சி வழக்கம்போல, பதிலை எதிர்பார்க்காமல், "உப்பு சரியா இருக்கா?" என்றாள். அவன் தலை அசையப் போனது, மகள் விரலை உயர்த்தினாள், தலை நின்றது.

"அதிகம்" என்றான்.

எங்கள் எல்லார் கையும் தட்டிலேயே நின்றுவிட்டது.

"என்னது?" என்றாள் தங்கச்சி.

"உப்பு. அதிகம்."

"இன்னிக்கா?"

"தினமும்தான்."

மகள் சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. தங்கச்சிக்குக் கோபமா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. "இருபத்திரெண்டு வருஷமா தலையை ஆட்டி ஆட்டித் தின்னீங்களே!"

"நீ கேட்ட. நான் ஆட்டினேன்."

அவ்வளவுதான், அணை உடைந்த கதையாகிவிட்டது. ஆளாளுக்குப் பழைய பாக்கியை எல்லாம் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"மாமா, நான் இந்த வேனை வாங்கலாமான்னு கேட்டப்ப சரின்னுதானே சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன்? அது ஓட்டை வண்டி மாப்ள. அடித்தகடு பூரா துரு."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல!"

"நீதான் நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள ஓடிட்டியே."

"அப்பா, நான் எடுத்த படிப்பு? அதுக்கும் சும்மாதான் ஆட்டினீங்களா?" மகளின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அவன் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு அவள் பக்கம் திரும்பினான். "இல்லம்மா. அது எனக்குப் பிடிச்சுது. ரொம்பப் பிடிச்சுது."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

நானும் விடவில்லை. "என்னைப் பத்தி என்னய்யா நினைக்கிற?"

"நீங்க லேத்தைப் போடறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் கொடுக்கலாம்ணே" என்றான். கேட்டது என் தப்பு.

இவ்வளவு கூத்திலும் ஒன்றைக் கவனித்தேன். உப்புக்குப் பிறகு தங்கச்சி அவனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பயிற்சிக்குக்கூட. மகள் "அம்மா, நீயும் கேளேன்" என்றால், "அடுப்புல வேலை இருக்கு" என்று நகர்ந்துவிடுவாள். உப்பு விஷயத்தில் மனசு கோணிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாவது நாள் முழுக்கக் கிண்ணத்தில் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

*

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே அழைத்துக்கொண்டு போனதும் நாங்கள் நாலு பேரும் கதவுக்கு எதிரே உட்கார்ந்தோம். மகள் நகத்தைக் கடித்தாள். முந்திரிக்கொட்டை ஒவ்வொரு நர்ஸிடமும் போய் "முடிஞ்சுதா?" என்று கேட்டுத் திட்டு வாங்கினான்.

தங்கச்சி என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, எனக்கு ஊசியைவிட வேற ஒரு பயம் வந்துடுச்சு."

"என்னம்மா?"

"எங்க கல்யாணம் எப்படி நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"உங்க அப்பா அவரோட இரும்புக்கடையில வெச்சுப் பேசி முடிச்சதுதானே?"

"அப்பா அப்புறம்தான் பேசினாரு. முதல்ல நான் கேட்டேன். கடையிலேர்ந்து வெல்டிங் ராடு பாக்கெட்டைக் கொடுக்கற சாக்குல ஷெட்டுக்குப் போனேன். இவரு ஹோல்டரை மடியில வெச்சுக்கிட்டு, ஷீல்டை நெத்திக்கு மேல தூக்கிவிட்டுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தாரு. நானும் சுத்தி வளைக்காம, 'என்னைக் கட்டிக்கறீங்களா'ன்னு கேட்டுட்டேன்."

"பார்றா!"

"தலையை ஆட்டினாரு. சடக்குன்னு ஷீல்டு விழுந்துச்சு. நான் திரும்பிப் பார்க்காம ஓடியே வந்துட்டேன். அவரு சம்மதம் சொல்லிட்டாருன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்." அவள் முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். "அன்னிக்கு அவரு எனக்குச் சரின்னு ஆட்டினாரா, இல்ல, நச்சரிக்காம போன்னு வேலையைப் பார்க்க ஷீல்டை இறக்கினாரா? இத்தனை வருஷமா எனக்குத் தெரியாதுண்ணே."

"ஒரு தடவை கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டா என்ன பண்ணியிருப்பாரு? தலையைத்தானே ஆட்டியிருப்பாரு!"

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. "இப்ப வாயால சொல்றாரு. உப்பு அதிகம்ங்கறாரு, வேன் ஓட்டைங்கறாரு. இத்தனை வருஷம் ஆட்டினதுல எதெல்லாம் இல்லன்னு அர்த்தமோ. அதான் பயமா இருக்கு."

அந்த நேரம் உள்ளே டாக்டரம்மாவின் குரல் கேட்டது. கதவு சரியாகச் சாத்தவில்லை.

"ஊசி போடப் போறேன். தலையை ஆட்டாதீங்க. ரெடியா?"

மகள் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

"ரெடி டாக்டர்!"

இத்தனை வருஷம் செலவழிக்காமல் சேர்த்து வைத்திருந்த குரல். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும். முந்திரிக்கொட்டை எழுந்து கை தட்டினான். உட்கார்ந்திருந்த நோயாளிகள் இரண்டு பேர் என்னவென்றே தெரியாமல் அவர்களும் தட்டினார்கள். நர்ஸ் ஓடி வந்து எல்லாரையும் முறைத்தாள்.

"கையில ஏதாவது தெரியுதா?"

"தோள்ல அமுக்கற மாதிரி இருக்கு!"

"நல்லது. மெதுவாப் பேசுங்க, எனக்குக் காது கேக்கும். அசையாதீங்க. இதோ, இன்னும் கொஞ்சம்தான்."

கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. கட்டிலில் அரை மணி நேரம் படுக்கவைத்துப் பார்த்தார்கள். அவன் வலது கையைத் தூக்கினான், விரலை மடக்கினான், விரித்தான். "வலி இல்ல. இல்லவே இல்ல!" என்றான். வாயெல்லாம் பல். மகள் அழுதேவிட்டாள்.

டாக்டரம்மா எங்கள் கொண்டாட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "கொஞ்சம் இருங்க. இது மரத்துப்போகக் கொடுத்த மருந்தோட வேலை. சாயங்காலம் வலி திரும்பி வரும். பயப்படாதீங்க. ஸ்டீராய்டு வேலை செய்ய மூணு நாலு நாளாகும், சிலருக்கு ஒரு வாரம்கூட ஆகும். எல்லாருக்கும் கேக்கும்னு நான் வாக்கு கொடுக்க மாட்டேன். கேட்டாலும் ஒண்ணு, அந்தக் கழுத்து வெட்டு இனி கூடாது. கூடவே கூடாது."

*

சொன்ன மாதிரியே சாயங்காலம் வலி திரும்பியது. மறுநாள் இன்னும் கூடுதல். மூன்றாம் நாள் காலையில் மறுபடி கண்ணாடி டம்ளர் நழுவி உடைந்தது.

"நான் அப்பவே சொன்னேன், கழுத்துல ஊசியெல்லாம் வேணாம்னு" என்று முந்திரிக்கொட்டை ஆரம்பித்தான்.

"நீ எப்படா சொன்ன? பயில்வான் ஆவாரான்னுதானே கேட்ட?" என்று சண்டைக்குப் போனேன். தங்கச்சி உடைந்ததைப் பெருக்கினாள். தலையாட்டி நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். நாலாம் நாளும் அப்படியே போனது. அன்றைக்கு நான் லேத்தில் கடைந்த தண்டு இரண்டும் அளவு தப்பிப்போனது.

ஐந்தாம் நாள் காலை பட்டறையைத் திறந்து விளக்கைப் போடுகிறேன், எதிர் ஷெட்டில் டக் டக் என்று சத்தம். வெல்டு மேல் படிந்த கசடைச் சின்னச் சுத்தியலால் தட்டுகிற சத்தம். அந்தத் தட்டை எனக்குத் தெரியும். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று. அந்த ஷெட்டில் வேறு யாரும் அப்படித் தட்ட மாட்டார்கள்.

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன்.

படிக்கட்டுக்குக் கீழே நின்று பதினோராவது படியைத் தட்டிக்கொண்டிருந்தான். வலது கையால். சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டிருந்தது. தங்கச்சி அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ராத்திரி படுத்துத் தூங்கினாருண்ணே" என்றாள். "பொத்தானை அவரே போட்டுக்கிட்டாரு. நான் கை வைக்கவே இல்ல."

"ரெண்டு தட்டுதான்ணே. சும்மா பார்த்தேன்" என்றான் அவன், பிடிபட்டவன் மாதிரி. "கட்டைவிரல் இன்னும் கொஞ்சம் மரத்துத்தான் இருக்கு. ஆனா சுத்தியல் நிக்குது. பாருங்க, நிக்குது!"

அந்தச் சமயம் பார்த்து முந்திரிக்கொட்டையின் ஓட்டை வேன் வந்து நின்றது. மகளும் அவனும் ஒரு பெட்டியோடு இறங்கினார்கள். புது ஷீல்டு. தலையில் மாட்டி இறக்கிவிட்டால் உள்ளிருந்து பார்க்கக் கண்ணாடி தெளிவாகவே இருக்கும். நெருப்பு வந்த நொடியில் தானாக இருண்டுகொள்ளும். தூக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம்.

"என் செலவு மாமா" என்றான் முந்திரிக்கொட்டை. "வேன் விஷயத்துல நீங்க உண்மையைச் சொன்னதுக்கு."

மகள் கண்டிப்பாகச் சொன்னாள். "இப்ப இல்லப்பா. டாக்டர் சொல்ற அன்னிக்குத்தான். படியெல்லாம் நெஞ்சு உயரத்துல வெச்சுத்தான் வெல்டு பண்ணணும். சரியா?"

எல்லாரும் அவன் தலையைப் பார்த்தோம். அசையவில்லை.

"சரி" என்றான்.

சந்தோஷம் தாங்காமல் நான்தான் வாயை விட்டேன். "தங்கச்சி, நல்ல நேரம்மா. கேக்க வேண்டியதைக் கேட்டுடு."

அவள் என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தாள். "என்ன கேக்கணும்?" என்றான் அவன். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, எப்போதும் போலச் சுற்றி வளைக்காமல், கேட்டுவிட்டாள்.

"அன்னிக்கு நான் ராடு கொண்டுவந்தப்ப, கட்டிக்கறீங்களான்னு கேட்டேன்ல. நீங்க தலையை ஆட்டினீங்க. அது எனக்கா, ஷீல்டுக்கா?"

முந்திரிக்கொட்டைகூட வாயை மூடிக்கொண்டான்.

அவன் சுத்தியலைப் படியின் மேல் வைத்தான். அவளுக்குப் பதில் சொல்லாமல் உடம்போடு என் பக்கம் திரும்பினான். "அண்ணே, அன்னிக்கு உங்க லேத்து ஓடுச்சா?"

"எனக்கு எப்படிய்யா ஞாபகம் இருக்கும், இருபத்திரெண்டு வருஷத்துக்கு முன்னாடி..."

"டிரான்ஸ்பார்மர் வெடிச்ச அன்னிக்குண்ணே."

எனக்குப் பொறி தட்டியது. டிரான்ஸ்பார்மர் வெடித்த அன்று இந்த லைனிலேயே காலையிலிருந்து இருட்டும் வரை கரண்ட் கிடையாது. லேத்துக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து நான் நாள் முழுக்கத் தூங்கினேன். இப்போ வரும் அப்போ வரும் என்று இவன் ஷீல்டை மாட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். இரும்புக்கடைப் பெண் என் வாசல் வழியாகத்தான் தலைதெறிக்க ஓடினாள். பதில் என்னிடமே இருந்திருக்கிறது, நான் ஒரு மண்டு.

"கரண்ட்டே இல்லம்மா அன்னிக்கு!" என்று கத்தினேன். "நெருப்பே வந்திருக்காது! ஷீல்டுக்கு வேலையே இல்ல!"

தங்கச்சி என்னைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்தாள்.

"அப்புறம் எதுக்கு ஷீல்டை இறக்கினீங்க?"

"நான் எங்க இறக்கினேன்? சரின்னு ஆட்டினேன், அது விழுந்துடுச்சு."

"உடனே தூக்கியிருக்கலாம்ல?"

"சிரிப்பு வந்துடுச்சு. அடக்க முடியல. அந்த மூஞ்சியை நீ பார்த்துடுவியோன்னு அப்படியே உக்காந்திருந்தேன். தூக்கிப் பார்த்தா நீ இல்ல."

அவள் பெட்டியிலிருந்த புது ஷீல்டை எடுத்தாள். தலையில் மாட்டிக்கொண்டாள். கையால் மெதுவாக இறக்கி முகத்தை மூடிக்கொண்டு படிக்கட்டைப் பார்த்தபடி நின்றாள்.

"அம்மா, மெஷின் போடவே இல்லையே" என்று மகள் ஏதோ சொல்லப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.